சவுக்குத் தோப்பும் சடையன் மேல் போட்ட பழியும்

வீட்டில் ஃபேனுக்குக் கீழே நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு மணலில் படுக்க வைப்பதுதான் கூடாரத் தொழில். வாடிக்கையாளர் லேசாக முகம் சுளித்தாலே ஓடிப்போய்ச் சமாதானம் சொல்கிற பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சியில் எனக்குச் சாமியானாவும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற கடை. முகூர்த்தமில்லாத மாதங்களில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நான், பன்னிரண்டு கூடாரம் வாங்கினேன். கல்வராயன் மலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடல் என்றால்தான் பர்ஸைத் திறக்க மனசு வருகிறது. அதனால் கடலூர்ப் பக்கம், ஒரு கடற்கரை ஊரை ஒட்டி, அலைச் சத்தம் கேட்கிற ஒரு சவுக்குத் தோப்பைப் பேசி வைத்தேன். மாதம் இரண்டு முறை வேன் கிளம்பும்.

என்னோடு எட்டு வருஷமாகப் பந்தல் வேலை பார்த்த சடையன்தான் கூடாரத்துக்கும் வந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பந்தல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் சீரியல் பல்பு எரியவில்லை, நாற்காலி குறைகிறது என்று பெண் வீட்டார் பாய்ந்து வந்தால், முதலாளி உடனே தன் ஆளைப் பிடித்து நாலு பேர் முன்னால் கத்த வேண்டும். ஆள் தலையைக் குனிந்து "தப்புதாங்க ஓனரே" என்று சொல்ல வேண்டும். பெண்ணின் பெரியப்பாவே மனமிரங்கி "பாவம், விடுப்பா" என்பார். தப்பு யாருடையது என்பது யாருக்கும் வேண்டாம். பிறகு நானும் சடையனும் டீ குடிப்போம். கடைக்குள் அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கூட்டத்துக்கு முன்னால் மட்டும் "டேய் சடையா".

அவருக்கு ஒரே மகள், சந்தியா. கள்ளக்குறிச்சியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவர்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள் அவள்தான். "ஓனரே, எம் பொண்ணு எப்பனா கேட்டா, கேம்ப்புல நாந்தான் சூப்பர்வைசருன்னு சொல்லிடுங்க" என்று சடையன் ஒரு நாள் கூச்சத்தோடு கேட்டார். சொல்லிவிட்டால் போகிறது என்றேன்.

முளை பிடிக்காத மணல்

முதல் பயணம், சங்கராபுரத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் சிலர். எங்கள் ஊர்ச் செம்மண்ணில் நாலு அடி அடித்தால் முளை பாறை மாதிரி நிற்கும். அதே நினைப்பில் கடல் மணலிலும் இரும்பு முளையை அடித்துவிட்டு, நான் கட்டிலை விரித்துக் கால் நீட்டினேன். மத்தியானக் காற்று எழுந்தது. முதலில் ஒரு கூடாரம் உருண்டது, அதன் பின்னால் அதற்குள் வேட்டி மாற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வந்தார். மீதி வேட்டியைக் கையில் பிடித்திருந்தார்.

முளை போதும் என்று சொன்னது நான். இருந்தாலும் வழக்கப்படி சடையனைப் பிடித்துக் கத்தினேன். அவரும் வழக்கப்படி தலையைக் குனிந்தார். பிறகு அவர்தான் அரிசிச் சாக்குகளில் மணலை நிரப்பி, கயிறு கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தார். அதற்கப்புறம் எந்தக் காற்றும் எங்கள் கூடாரத்தை அசைக்கவில்லை. வேட்டிக்காரர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்: "விடு தம்பி, மலையாண்ட இருக்கறவனுக்கு மணலப் பத்தி இன்னா தெரியும்?" நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இப்போதும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் கூசுகிறது.

கடற்கரையில் ஏரி மீன்

இதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. கடற்கரை ஊரில் மீன் விலை எனக்குப் பிடிபடவில்லை, ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம். அதனால் கிளம்பும்போதே கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த ஆளிடம் கெண்டை வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டு, நூறு கிலோமீட்டர் தாண்டிக் கடலுக்குக் கொண்டுபோனேன். தோப்பிலிருந்து பார்த்தால் கட்டுமரத்திலிருந்து கூடை கூடையாகச் சங்கரா மீன் இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் சட்டியில் ஏரிக் கெண்டை கொதிக்கிறது.

வந்திருந்தது ஒரு ஜவுளிக் கடைக் குடும்பம். முதல் வாயிலேயே வீட்டம்மா கண்டுபிடித்துவிட்டார். நான் சட்டென்று எழுந்து, "டேய் சடையா, வஞ்சிரம் வாங்குன்னா கெண்டைய வாங்கியாந்திருக்கியே" என்று குரல் கொடுத்தேன். சடையனுக்கு மீன் வாடையே ஆகாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் குழம்பு வைத்தார். அந்தத் துண்டை அவிழ்த்துவிட்டு, "தப்புதாங்க ஓனரே" என்றார். கொஞ்ச நேரத்தில் மகளிடமிருந்து அவருக்கு போன். இன்றைக்குத் தன் மீன் குழம்பை எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் ஜவுளிக் கடைக்காரர் முள்ளை எடுத்தபடி சொன்னார்: "கடலப் பாத்துக்கினே ஏரி மீனு துன்ன மொத ஆளு நாங்கதான் போல."

நர்ஸம்மா கேட்டது

மழைக்குக் கூடாரத்தின் மேலே போடுகிற தார்ப்பாயை ஒரு பயணத்தில் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம். தூறல் ஆரம்பித்ததும் என் வாய் தானாகத் திறந்தது. சடையன் மேல் பழியைப் போட்டு முடித்து, கூட்டத்தின் முகத்தைத் திருப்தியோடு பார்த்தேன். அதில் ஒரு நர்ஸம்மா, ரிஷிவந்தியத்துக்காரர், வயது ஐம்பது இருக்கும். குடையை விரித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "நீங்க கடைய பூட்டறப்ப நான் வேன்லதான் குந்தினு இருந்தேன். தார்ப்பாய எடுத்துக்கலாமான்னு அவரு மூணு வாட்டி கேட்டாரு, நீங்கதான் வேணாம்னீங்க."

ஒரு நாள் மட்டும்

அந்தப் பயணம் முடிந்து திரும்பும்போது வேனில் சடையன் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். உளுந்தூர்பேட்டை தாண்டியதும், வருகிற பௌர்ணமிக்குச் சந்தியாவின் வகுப்பே வருகிறது என்றார். போனில் கூடாரப் படங்களைக் காட்டி அவள்தான் எல்லோரையும் பிடித்தாளாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, முப்பது பேர்.

சடையன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அன்னிக்கி ஒரு நாள் மட்டும் திட்ட வேணாம் ஓனரே. மத்த நாளு பரவால்ல." என் குழந்தைகள் மேல் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தேன்.

பௌர்ணமிக் காலை

நானும் சடையனும் விடியும்போதே தோப்புக்குப் போய்விட்டோம். அவர் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்திருந்தார். தோப்பு முடிகிற இடத்துக்கும் அலைக்கும் நடுவே ஒரு மணல் திட்டு, பெருக்கி வைத்த மாதிரி சமமாக இருந்தது. பந்தல்காரனுக்குச் சமதளத்தைக் கண்டால் கண் மயங்கிவிடும். கல்லில்லை, முள்ளில்லை, பள்ளமில்லை. அதை அவ்வளவு சமமாக்கியது யார் என்று கேட்கத் தோன்றவே தோன்றாது. இங்கேயே போடலாம் என்றேன்.

சடையன் தோப்போரத்தைக் காட்டினார். "குப்ப ஒதுங்கி கோடு மாதிரி நிக்குது பாருங்க ஓனரே, தண்ணி அதுவரைக்கும் வந்துட்டு போயிருக்குது. பௌர்ணமியன்னிக்கி இன்னும் ஜாஸ்தி ஏறும்னு இந்த ஊரு மீன்காரம்மாவும் சொல்லுச்சி. மரத்துக்குள்ளயே போட்டுக்கலாம்."

"போட்டோவுல கடலு தெரியணும்ணே. புள்ளைங்க அத நாலு பேருக்கு அனுப்புவாங்க, இன்னும் நாலு காலேஜ் வரும்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாக்கில் மணல் அள்ளப் போனார்.

ஏழு மணிக்குப் பெண்கள் வந்து இறங்கினார்கள், கூடவே அவர்களுடைய பேராசிரியை. சந்தியா அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துப்போய், "மேம், எங்கப்பா. இந்தக் கேம்ப்ப எங்கப்பாதான் பாத்துக்கறாரு" என்றாள். சடையன் இரண்டு கையையும் கூப்பினார். அன்றைக்கு இருந்த மாதிரி அவர் முகத்தை நான் எட்டு வருஷத்தில் பார்த்ததில்லை. எல்லோரும் பைகளைக் கூடாரத்தில் வைத்துவிட்டுத் தோப்புக்குள் பொங்கல் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஒன்பது மணிக்குக் கடல் வந்தது. சத்தமில்லாமல் நாக்கை நீட்டி, ஒவ்வொரு கூடாரமாக நனைத்துக்கொண்டு உள்ளே போனது. சாக்கு புதைத்திருந்ததால் கூடாரம் எதுவும் அடித்துப் போகவில்லை. ஆனால் பை, மாற்றுத் துணி, சார்ஜர் எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறின. பேராசிரியை திருத்துவதற்காகக் கொண்டுவந்திருந்த விடைத்தாள் கட்டும் அதில் இருந்தது. அதைச் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு வந்தவர், "இந்த எடத்துல போடலாம்னு சொன்னது யாருங்க?" என்று கேட்டார்.

அந்த ஒரு நிமிஷத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்திருந்தால்கூட என்னை மன்னிக்க ஏதாவது காரணம் தேடியிருப்பேன். வாய் பழகிய பாட்டைப் பாடிவிட்டது. "டேய் சடையா, அறிவிருக்காடா உனக்கு? மரத்துக்குள்ள போடுன்னு படிச்சிப் படிச்சி சொன்னனே. மலையில கெடந்தவன கடலாண்ட கூட்டியாந்தது என் தப்பு."

சடையன் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். மறுத்துப் பேசுவார் என்று ஒரு கணம் நினைத்தேன், பேச வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவர் எப்போதும் போலத் தலையைக் குனிந்து, எப்போதும் சொல்கிற அதே குரலில், "தப்புதாங்க ஓனரே" என்றார். நீலச் சட்டைக்குக் கீழே வேட்டி முழங்கால் வரை நனைந்து காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பேராசிரியை உடனே இறங்கிவந்து, போகட்டும், பெரியவரைத் திட்டாதீர்கள் என்றார். எட்டு வருஷமாகப் பலித்த வைத்தியம் அன்றைக்கும் பலித்தது.

பெண்கள் துணி பிழியப் போய்விட்டார்கள். சந்தியா மட்டும் நின்றாள். அழவில்லை, கோபமாகவும் பேசவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்: "இவ்ளோ தப்பு பண்ற ஆள எட்டு வருஷமா ஏன் வச்சிக்கினு இருக்கீங்க அங்கிள்?"

பெரிய மனசு

மத்தியானம் வரை அந்தக் கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்றேன். "மேடம், அங்க போடச் சொன்னது நான். சடையண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. கேட்காதது என் தப்பு" என்றேன். கூட்டத்துக்கு முன்னால் அவரை அண்ணன் என்று சொன்னது அதுதான் முதல் முறை.

யாரும் நம்பவில்லை. பெண்கள் கை தட்டினார்கள். சந்தியா தட்டவில்லை, அப்பாவோடு சேர்ந்து பொங்கல் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியை நெகிழ்ந்துபோய் என்னிடம் சொன்னார்: "வேல செய்றவங்கள விட்டுக் குடுக்காம பழிய உங்க மேல போட்டுக்கறீங்க பாருங்க, இந்த மனசு யாருக்குங்க வரும்?"

மரவள்ளிக் காட்டில்

ஊர் திரும்பியதும் சடையன், மலையில் மரவள்ளி பிடுங்குகிற வேலை இருக்கிறது, இனிமேல் வருவதற்கில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நானே மலை ஏறினேன். கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, சோறு போட்டு, கடை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மன்னிச்சிக்குங்கண்ணே என்று ஒரு வழியாகச் சொன்னேன். அவர் கிழங்கின் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "திட்டு வாங்கறதெல்லாம் தொழில்ல இருக்கறதுதான ஓனரே, அது எனக்குப் பழகிப்போச்சி. எம் பொண்ணு பாக்காம இருந்திருந்தா வந்திருப்பேன்."

கூடாரம் அடிப்பதை இந்தத் தொழிலில் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளலாம், "தப்பு என்னுதுங்க" என்று சொல்லிவிட்டு அசையாமல் நிற்பதைத்தான் நாற்பது வயதுக்கு மேல், பக்கத்தில் ஆள் இல்லாமல், தனியாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.