தாரா காலத்துக்கு ஒரு வள்ளம்

"…ஒளிச்சு ஓடின வள்ளம் எனக்குப் போதுமெண்டு சொல்லு. விளக்கில்லாமல், சத்தமில்லாமல், கறுத்தப் படங்காலை மூடிக்கொண்டு மன்னாரிலையிருந்து இந்தியாவுக்கு ஓடினனே, அதோடை அது முடிஞ்சுது. இனி நான் வள்ளத்திலை ஏறினால் ஊர் பாக்க ஏறுவன். தாரா காணுமெண்டதுக்காக அந்தோனியாரிலை சேத்தைப் பூச மாட்டன். சொல்லு அந்த மனுசனிட்டை!"

இதைச் சொன்னவர் என் அத்தான், அக்காவின் கணவர். கேட்க வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். தலையில் தொப்பியும் இரண்டு கையிலும் சேற்று நிறப் பெயின்ட் வாளியுமாக நின்றார். இருவருக்கும் நடுவே டிரெய்லரில் அந்த வள்ளம். அத்தானின் தமிழை அவருக்குப் பிரெஞ்சில் சொல்ல வேண்டியவன் நான். வாயைத் திறக்குமுன் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டேன். அந்த மூச்சுக்குள் நீங்களும் விஷயத்தைத் தெரிந்துகொண்டால் நல்லது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு அக்கா குடும்பம் மொன்றியல் புறநகரான பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியது. நான் செயின்ட்-மிஷேலில் ஒரு தெப்பனேரில், அதாவது பாலும் பாணும் பியரும் லொத்தரும் விற்கும் மூலைக்கடையில், வேலை செய்தேன். பள்ளியில் நான் படித்தது கொஞ்சம். பிரெஞ்சு முழுவதையும் கல்லாவுக்குப் பின்னால் நின்று, வந்தவர் போனவர் வாயிலிருந்து பொறுக்கினேன். சிலர் முத்திரை சேர்ப்பார்கள். நான் ஆட்கள் சொல்லும் பழமொழி சேர்ப்பேன். சனிக்கிழமைகளில் பஸ் மாறிப் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போவேன். அங்கே வேலிக்கு அப்பால் என் பெரிய களஞ்சியம் இருந்தது: பக்கத்து வீட்டு மிசியே, பிரெஞ்சில் ஐயா, ஓய்வுபெற்ற பஸ் சாரதி, பரம்பரை வேட்டைக்காரர்.

ஓகஸ்ட் பிறந்தால் அவருடைய புல்தரையில் பிளாஸ்டிக் தாராக்களும் வாத்துகளும் வெயில் காயும். எங்கள் பேச்சில் சின்னது தாரா, பெரியது வாத்து. ஏரியில் மிதக்கவிட்டு, மேலே பறக்கிற உண்மைப் பறவையை "இறங்கு, இங்கே சாப்பாடு இருக்கு" என்று நம்ப வைக்கிற பொம்மைகள் அவை. ஒவ்வொன்றையும் மடியில் வைத்துக் கயிறு மாற்றுவார், நிறம் போன இடத்துக்குச் சின்னத் தூரிகையால் நிறம் தீட்டுவார். நெஞ்சுவரை வரும் ரப்பர்க் காற்சட்டை உடுப்புக் கொடியில் தொங்கும்.

"இஞ்சேருங்கோ, பக்கத்து வீட்டிலை அரைவாசி மனுசன் காயுது!" என்று அக்கா குசினி யன்னலில் இருந்து சத்தம் போடுவா.

பின்னேரங்களில் அவர் தாரா மாதிரிக் கத்தும் குழலை ஊதிப் பழகுவார். "பாவம், ஆருக்கோ வயித்துக்குத்து" என்பா அக்கா. அவவுக்குக் கடைசிவரை விளங்காத ஒன்று இருந்தது. "பார்க்கிலை வாத்து காலுக்குள்ளை மிதிபடுது. சப்பாத்து முழுக்க அதின்ர எச்சம். அதிலை ஒண்டை அமத்திப் பிடிக்கிறதை விட்டிட்டு, இந்த மனுசன் ஏன் விடியக் குளிருக்கை ஏரியிலை போய் ஒளிச்சிருக்குது?"

நான் மொழிபெயர்த்ததும் மிசியே விழுந்து விழுந்து சிரித்தார். "பார்க் வாத்து நகரசபை உத்தியோகத்தர். தொடக் கூடாது, கலைச்சாலும் போகாது" என்றார். பிறகு அவருடைய சொல்: "வேட்டையின்ர அரைவாசி ருசி ஓகஸ்ட்டிலை. மிச்சம்தான் சட்டியிலை."

நான் சொல்லவந்த வருஷம் அந்த ஓகஸ்ட் ருசி அவருக்குக் கிடைக்காது போலிருந்தது. இளந்தாரிக் காலத்திலிருந்து அவரோடு வேட்டைக்குப் போன அவருடைய மச்சான் பாரிசவாதம் வந்து பராமரிப்பு இல்லத்தில் கிடந்தார். பார்க்கப் போகும் போதெல்லாம் மச்சான் கேட்பது ஒன்றுதானாம்: "வள்ளம் தயாரோ?" வருஷத்தின் முதல் தாராவை ஒருவர் மற்றவருக்குச் சமைத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். மிசியேயின் வேட்டை நாயும் அந்த வசந்தத்தில் செத்துப்போயிற்று. தனியே தண்ணீருக்குப் போகவே கூடாது என்று மகளின் கட்டளை. வள்ளமோ அடிப்பலகை உக்கிக் கிடந்தது.

அத்தான் ஒருநாள் வேலியைச் சுற்றிப் போய், அந்த வள்ளத்தின் அடியை உள்ளங்கையால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். மன்னார்க் கரையில் வள்ளம் திருத்துகிற குடும்பத்தில் பிறந்தவர். மொன்றியலுக்கு வந்த நாள் முதல் ஹோட்டல் படுக்கை விரிப்புகளுக்கு அயன் போடுகிற வேலை. அவருக்கு வேறொரு கை இருக்கிறது என்று இங்கே யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"தம்பி, சொல்லு அவரிட்டை. இது சாகேல்லை. மயங்கிக் கிடக்குது."

கோடை முழுவதும் வேலை முடிந்து வந்து அதைத் திருத்தினார். உக்கிய பலகையை வெட்டி எடுத்து, புதுப் பலகை பொருத்தி, பைபர் ஒட்டி, உரசி, மறுபடியும் ஒட்டினார். மிசியே பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுப்பார், விளக்குப் பிடிப்பார். அவர்களுக்குள் பொதுவாக இருந்தது இருபது சொல்லும் கைச்சைகையும்தான். ஆனால் பின்னேரம் முழுக்கக் கதைப்பார்கள். மிசியே அவரைக் "கப்பித்தேன்" என்று கூப்பிடத் தொடங்கினார். அவர்கள் பாஷையில் கப்பல் தலைவன். அயன் போடும் இடத்தில் "ஏய்" என்று கூப்பிடப்படுகிற மனிதர், வேலிக்கு இந்தப் பக்கம் திரும்பும்போது முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு திரும்புவார்.

ஒருநாள் மிசியே கேட்டார், சீசன் திறக்கிற காலை வள்ளத்தில் தன்னோடு வர முடியுமா என்று. கம்பு ஊன்றி வள்ளம் விடவும், பொம்மைகளை மிதக்கவிடவும், விழுந்த பறவையை எடுக்கவும் ஆள் வேண்டும். அத்தான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: துவக்கைத் தொட மாட்டேன். அதற்கு மிசியே கையடித்துக் கொடுத்தார்.

"நாய் செத்துப் போச்சு, அந்த வேலை இப்ப உங்களுக்கோ?" என்றா அக்கா.

"ஓமடி. நாயை ஆரும் கப்பித்தேன் எண்டு கூப்பிட்டவையே?"

அதன் பிறகு அத்தானுக்கும் தாராக் காய்ச்சல். தொலைக்காட்சியில் மழை வரும் என்றால் ஊரெல்லாம் முகம் சுழிக்கும். இவர்கள் இருவரும் வேலிக்கு மேலால் கை குலுக்குவார்கள், மப்பும் காற்றும்தான் தாரா தாழப் பறக்கிற நாள் என்று. செப்டம்பர் பிறந்ததும், வேலையால் வருகிற அத்தான் வீட்டுக்குள் நுழையுமுன் வானத்தை ஒருமுறை பார்ப்பார். குழல் இல்லாமல் வாயாலேயே தாரா மாதிரிக் கத்தப் பழகி, ஞாயிறு பூசைக்குப் போகிற காரில் கத்திக் காட்டி, பிள்ளைகளைச் சிரிக்க வைத்து, அக்காவிடம் ஏச்சு வாங்கினார்.

நிறம் பூசுவது மட்டும் மிச்சம். மிசியே கஸ்பேயில் இருக்கிற மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, "அது உனக்குத் தெரியும்தானே, கப்பித்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கராஜ் தட்டில் சேற்று நிறப் பெயின்ட் வாளி இரண்டு இருந்தது. அத்தான் கண்டவர்தான். "வேலிக்கு வாங்கி வைச்சிருக்கிறார் போலை" என்று தள்ளி வைத்துவிட்டுத் தானே கடைக்குப் போனார்.

நான் அடுத்த சனிக்கிழமை பஸ்ஸால் இறங்கி வரும்போது தெரு முனையிலிருந்தே கண்டேன். கடல் நீலத்தில் உடம்பு. விளிம்பு நெடுகச் சிவப்பும் மஞ்சளும். அணியம் என்று கடற்கரையார் சொல்லும் முன்பகுதியில் ஒரு வெள்ளைச் சிலுவை, அதன் கீழே முத்து முத்தாக: புனித அந்தோனியார் துணை. வள்ளம் என்றால் அவருக்கு அப்படித்தான். கடலில் தவறினால் தேடி வருகிறவன் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும், அதற்குத்தான் நிறம்.

ஆசீர்வாதம் இல்லாமல் வள்ளம் தண்ணீரில் இறங்குவதும் அவர் வழக்கத்தில் இல்லை. ஞாயிறு பூசை முடிய, பங்கு மக்கள் கார் காராக வந்து அந்த டிரைவ்வேயை நிறைத்தார்கள். சுவாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ரோல்ஸும் பட்டீஸும் தேநீரும் சுற்றி வந்தன. அடுத்த தெருவில் இருக்கிற சென்னை இன்ஜினீயரின் மனைவி நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு, "ஏங்க, இது போட்டா, தேரா?" என்று கேட்டார். மன்னார்ப் பெரியவர் ஒருவர் அணியத்தைத் தடவிப் பார்த்து, "தாராவுக்கு இவ்வளவு வடிவு காட்ட வேணுமே, மருமோன்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் அத்தான் என்று வந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சீசன் சனிக்கிழமை விடியத் திறக்கிறது. மிசியே வியாழன் பின்னேரம் வந்து இறங்கினார். நான் அன்று விடுப்பு எடுத்து அங்கேயே நின்றேன், அவர் முகத்தைப் பார்க்க.

கார்க் கதவைத் திறந்தவர் திறந்தபடி நின்றார். பிறகு ஒரு சொல் சொன்னார். கியூபெக்காருக்கு ஆத்திரமோ ஆச்சரியமோ வந்தால் பீடத்தில் இருக்கிற பூசைச் சாமான் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லித்தான் திட்டுவார்கள். அவர் வரிசையாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். "செபம் சொல்லுறார் போலை" என்றா அக்கா பக்தியோடு.

நான் அருகில் போனேன். அவர் மெதுவாகத்தான் பேசினார், ஏசவில்லை. "வேலை அருமை. என்ர சீவியத்திலை இப்பிடி ஒரு வள்ளம் நான் கண்டதில்லை. அதுதான் கரைச்சல். வாத்தின்ர கண் எங்கடையைவிடக் கூர். செத்த புல்லு மாதிரி, சேறு மாதிரி நாங்கள் இருக்க வேணும். இதை அக்கரையிலையே கண்டிட்டு அது ஒன்ராறியோவுக்குத் திரும்பிப் போயிடும்." வேட்டைக்காரன் வீட்டில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், அதனால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை என்றார். பிறகு கராஜுக்குள் போய் அந்த இரண்டு வாளியையும் கொண்டுவந்து, பூசக் கேட்டார். நான் அத்தானுக்குச் சொன்னேன். அதற்குத்தான் அத்தான் அந்தப் பதிலைச் சொன்னார்.

மொழிபெயர்க்கிறவனும் கலியாணத் தரகனும் ஒரு சாதி. இரண்டு பக்கத்துக் காரத்தையும் குறைத்துத்தான் பரிமாறுவோம். கோடை முழுக்க நான் அப்படித்தான் செய்தேன். அன்று குறைக்க மனம் வரவில்லை. இந்தியாவுக்கு ஓடின இரவு, கறுத்தப் படங்கு, அந்தோனியார், எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வைத்தேன்.

மிசியே வாளிகளைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி, அணியத்தில் இருந்த எழுத்தை வாசிக்கிறவர் போல நெடுநேரம் பார்த்தார். "அந்தோனியாரோ? என்ர அம்மாவும் இவரைத்தான் அடுப்படியிலை வைச்சிருந்தவ." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி. வள்ளம் இப்பிடியே போகட்டும். சனிக்கிழமை விடிய நானும் கப்பித்தேனும் அதிலை இருப்பம். தாரா வந்தால் வரட்டும், வராட்டி விடட்டும்."

சொல்லிவிட்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டுபோய்த் தட்டில் வைத்தார். வருஷம் முழுக்க ஒரு விடியலுக்காகப் பொம்மைத் தாராக்களைத் தாலாட்டிய மனிதர் அதைச் சொன்னார். அந்தத் தெருவில் அன்று பின்னேரம் நின்ற இரண்டு பேரையும் தெரியும் என்று சொல்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

நான் அத்தானுக்குத் தமிழில் சொன்னேன்.

"அவரின்ர மச்சானுக்கு என்ன சொல்லுவாராம்? கேள்" என்றார் அத்தான்.

கேட்டேன். மிசியே பொம்மைகளைச் சாக்கில் போட்டபடி, திரும்பிப் பாராமல், "இந்த முறை முதல் தாரா இல்லையெண்டு சொல்லுவன். விளங்கிக்கொள்ளுவார்" என்றார்.

அத்தான் கராஜுக்குள் போனார். தட்டிலிருந்து ஒரு வாளியை எடுத்து வந்து, திருப்புளியால் மூடியை நெம்பித் திறந்து, ஒரு தடியால் அடிவரை கலக்கினார். நெற்றியில் சிலுவை போட்டார். பெரிய தூரிகையை முக்கி, விளிம்பில் வழித்து, அணியத்தின் முன்னால் முழங்காலில் இருந்து, தன் கையால் எழுதிய முதல் எழுத்திலிருந்தே பூசத் தொடங்கினார்.