முன்வரிசையில் மாட்டிக்கொண்ட குடும்பம்

கச்சேரி அரங்க வாசலில் கள்ள டிக்கெட் விற்கும் அவரை எல்லோரும் ‘முன்வரிசை’ என்றே கூப்பிடுவார்கள். “அண்ணே, முன்வரிசை இருக்கு” என்று போகிறவர் வருகிறவர் காதில் ஓதி ஓதி வந்த பட்டம். இத்தனை வருஷத்தில் ஒரு நிகழ்ச்சிக்கும் அவர் உள்ளே போனதில்லை. தொழில் வேறு, துன்பம் வேறு.

அரசாங்கத்துக்குத் திடீரென்று ரசிகர்கள்மேல் பாசம் பொங்கியது. டிக்கெட்டில் வாங்கியவர் பெயர் இருக்கும். அடையாள அட்டை காட்டினால்தான் அனுமதி. கைமாற்றி விற்றால் சிறை. முன்வரிசை பொய்ப் பெயர்களில் வாங்கி ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டு, இனி விற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். இன்னொரு முறை என்றால் கம்பிதான்.

பொய்ப் பெயர்தானே வம்பு? சீசன் முழுவதற்கும் தன் பெயர், மனைவி, மாமியார், மச்சான் என்று சுத்தமான நிஜப் பெயர்களில் வாங்கிவிட்டார். அட்டை பார்க்கும் காவலாளி வேண்டியவர், யார் வந்தாலும் விட்டுவிடுவார் என்ற தைரியம். முதல் நாளே அந்தக் காவலாளியை மாற்றிவிட்டு ஓர் ஆய்வாளரை நிறுத்தினார்கள்.

“என்ன, நாலு டிக்கெட்டோட நிக்கிறீங்க?”

“குடும்பத்தோட பாக்கலாம்னு, சார்.”

“ரொம்ப சந்தோஷம். குடும்பம் எங்க?”

“வந்துக்கிட்டே இருக்காங்க, சார்.”

ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “வரட்டும். நானும் பாக்குறேன்.”

டிக்கெட் வாங்க வந்தவர்கள் எதிர் நடைபாதையிலிருந்து புருவத்தை உயர்த்திக்கொண்டிருக்க, இவர் மனைவியிடம் போனில் கெஞ்சினார்: “கேள்வி கேக்காத. உங்கம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கிட்டு ஆட்டோ பிடி.” மாமியார் குளியலறைச் செருப்போடும், மச்சான் பாதி சவரத்தோடும் வந்து இறங்கினார்கள்.

நால்வரும் முன்வரிசையில் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தினார்கள். வயலின் தொடங்கியது. எழுந்து போகலாமென்றால் நேர் பின்னால் ஆய்வாளர்.

“மாப்ளே, இவன் வாயத் திறந்து பாடவே மாட்டானா?”

“மெதுவா, அத்தை.”

“இதுக்கா மாமா ஜனங்க உங்ககிட்ட அடிச்சிக்கிறாங்க?” என்றான் மச்சான்.

மனைவி திரும்பாமலே சொன்னாள்: “பொண்டாட்டிய ஆசையா வெளிய கூட்டிட்டுப் போறவனப் பாத்திருக்கேன். ஜெயிலுக்குப் பயந்து கூட்டிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்.”

முடிந்ததும் ஆய்வாளர் குனிந்தார். “அடுத்த வாரமும் நாலு சீட் உங்க பேர்லதான் இருக்கு. சீசன் முடியிற வரைக்கும். ஒரு ஆள் குறைஞ்சாலும் அந்த டிக்கெட் எங்க போச்சுன்னு கேப்பேன்.”

“திருப்பிக் குடுத்துடலாமே, தம்பி?” என்றார் மாமியார்.

“திருப்பி வாங்க மாட்டாங்கம்மா. அதுக்குச் சட்டம் இன்னும் வரல.”

மாமியார் பெருமூச்சு விட்டார். “அப்போ நீங்க ஜெயிலுக்கே போயிடுங்களேன், மாப்ளே.”

கல்யாணமான நாள் முதல் மாமியார் சொன்ன எதையும் காதில் வாங்காத முன்வரிசை, அதை நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.