புல்தரைக்கு வந்த மூக்கரட்டை

எங்கள் வீட்டு வாசலில் ஒரு புல்தரை இருக்கிறது. கோவில்பட்டியில் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவன் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். மகள் ஆசைப்பட்டாள். கரிசல்மண்ணின் மேல் ஒரு லாரி செம்மண்ணைக் கொட்டி, கொரியன் புல்லைப் பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து விரித்தார்கள்.

மழை பெய்த மறுவாரம் அதற்குள் ஏதோ ஒரு செடி தலைகாட்டியது. சிவந்த தண்டு, அடிப்பக்கம் வெளுத்த இலை, கடுகளவு இளஞ்சிவப்புப் பூ. நாலா பக்கமும் தரையோடு படர்ந்தது. பிடுங்கினால் வேர் பாதியில் அறுந்துவிடும், அடுத்த வாரம் இரண்டு மடங்காக வரும். அதன் பிசுபிசுத்த விதைகள் என் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வந்தன. எனக்கு அது என்ன செடி என்று தெரியவில்லை.

"பூச்சிமருந்துக் கடையில இருந்தவியதான நீங்க? எதையாச்சும் அடிச்சுக் கொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

மகள் போனில் படம் பிடித்தாள். முதலில் வாயில் நுழையாத ஒரு பெயர் வந்தது. பிறகு தமிழில் வந்தது. "மூக்கரட்டையாம்ப்பா. கீரையாச் சமைக்கலாமாம். ஆடு மாடு நல்லாத் திங்குமாம்."

வேட்டியில் விதை பொறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெயரை அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். சொன்னவள் சண்முகத்தாய்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பூச்சிமருந்துக் கடையில் வேலை. ஊர் ஊராகப் போய் மருந்தை அடித்துக் காட்ட வேண்டும். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் கம்பெனி கொடுத்த வண்ணப்படப் புத்தகம். நாற்று எது, களை எது என்று சரியாகத் தெரியாது. ஆனாலும் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் என்னிடம் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து காட்டுவார்கள். நானும் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்து ஏதாவது சொல்லிவைப்பேன். அந்த மருந்து வாடை எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. இன்றைக்கும் பெட்ரோல் பங்கைக் கடக்கும்போது அந்த நாள் வந்துவிடுகிறது.

புதூர்ப் பக்கம் ஒரு பருத்திப் புஞ்சையில் மருந்தடிக்க வேண்டியிருந்தது. புஞ்சைக்காரர் அருப்புக்கோட்டையில் மகள் வீட்டுக்குப் புறப்படும் அவசரத்திலும் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போனார். "தம்பி, அடிச்சு முடிச்சதும் காலிப் புட்டியக் கம்புல கவுத்து வரப்புல நட்டுருங்க. ஆட்டுக்காரவியளுக்கு அதான் அடையாளம்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. புட்டி தெரிந்தால் அந்த வரப்புக்கு ஆடு போகாது, புட்டி இல்லையென்றால் தாராளமாக மேயலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளும் போர்டு.

நான் செடிக்கும் அடித்தேன், வரப்புக்கும் அடித்தேன். விசைத்தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பஸ் ஹாரன் கேட்டது. ஓடிப்போய் ஏறினேன். இரண்டு ஊர் தாண்டிய பிறகு பைக்குள் கை விட்டால் காலிப் புட்டி. இறங்கி நடந்திருக்கலாம், ஒரு மணி நேரம்தான். அடுத்த பஸ் இல்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். நான் மறக்கவில்லை, சோம்பல்பட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினால் வரப்போரம் கூட்டம். மூன்று ஆடுகள் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. பக்கத்தில் சண்முகத்தாய். முப்பது வயதிருக்கும். ஆடுகள் அவளுடையவை அல்ல, வாரத்துக்கு வளர்த்தவை. குட்டி போட்டால் பாதி அவளுக்கு. ஆட்டுக்கு உரியவர் தலையில் துண்டோடு நின்றார். ஆட்டின் வாயிலிருந்து எடுத்த கொடி ஒன்று அவள் கையில் இருந்தது.

என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். "புட்டியக் காணும்னுதான் தம்பி ஓட்டுனேன். நேத்து மருந்தடிச்சீங்களா?"

புட்டி என் பைக்குள் இருந்தது.

"இல்லம்மா. தெளிப்பான் ரிப்பேர். இன்னைக்கு அடிக்கத்தான் வந்திருக்கேன்."

"அப்ப எதைத் தின்னு செத்துச்சு?" என்றார் ஆட்டுக்காரர்.

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அவள் கையிலிருந்த கொடியை வாங்கி, வழக்கம்போல இப்படியும் அப்படியும் புரட்டினேன். "இதுதான் விஷம். ஆடுகொல்லின்னு பேரு. புத்தகத்துல போட்டிருக்கு."

சண்முகத்தாய் என்னை வெறித்துப் பார்த்தாள். "இது மூக்கரட்டைலா தம்பி. பொறந்ததுலேர்ந்து இதத்தான ஆட்டுக்குப் போடுதேன். நேத்துக்கூட எங்க வீட்டுல கொழம்பு வச்சோம்."

"புத்தகத்துல இருக்கும்மா" என்றேன் மறுபடியும். யாரும் புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.

ஆட்டுக்காரர் மிச்ச ஆடுகளை அங்கிருந்தே பத்திக்கொண்டு போனார். "செடி தெரியாதவகிட்ட ஆட்ட விட்டது என் தப்பு" என்றார் போகிறபோது. அவள் அழவில்லை. அந்தக் கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள், தன் கண்ணையே சந்தேகப்படுகிற மாதிரி.

பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். தெளிப்பானில் வெறும் தண்ணீரை நிரப்பி, எல்லாரும் பார்க்க அந்தப் புஞ்சை முழுக்க அடித்தேன். முடித்ததும் பையிலிருந்த புட்டியை எடுத்துக் கம்பில் கவிழ்த்து நட்டேன். அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்னும் பின்னும் நான் நட்டதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் பேன்ட் காலெல்லாம் அந்த விதை. அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன வாரம் அந்தப் புஞ்சைப் பக்கம் போனேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. பருத்தி இருந்த இடமெல்லாம் மக்காச்சோளம். காலி மருந்துப் பாட்டில்கள் வரப்பெங்கும் கிடக்கின்றன, யாரும் கவிழ்த்து நடுவதில்லை. டீக்கடையில் விசாரித்தேன். சண்முகத்தாய் குடும்பம் திருப்பூர்ப் பக்கம் போய் வெகுகாலமாகிறதாம், இருக்கிறாளா இல்லையா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

ரோட்டோரம் பத்துப் பன்னிரண்டு ஆடுகளோடு ஒரு பெண் நின்றாள். ஆட்டை மறித்துவிட்டு, குனிந்து அந்தக் கொடியை வேரோடு தோண்டிப் பாறைமேல் எறிந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா புடுங்குதீங்க?"

"ஆடுகொல்லி அண்ணாச்சி. எங்க ஊருல கண்டவுடனே புடுங்கிருவோம். முன்னால சண்முகத்தாய்னு ஒருத்தி, செடி தெரியாம மேய விட்டு ஆட்டக் கொன்னுட்டாளாம். எங்க மாமியா சொல்லுவாவ."

"மூக்கரட்டைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தாள். "அப்படி ஒரு செடி இங்கன கிடையாது அண்ணாச்சி."

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். வாய் வரவில்லை. குனிந்து ஒரு கொத்து இலையைப் பறித்து வாயில் போட்டு மென்றேன். அதைப் பார்த்தாவது இது விஷமில்லையா என்று கேட்கமாட்டாளா என்று நினைத்தேன்.

"அய்யய்யோ, துப்புங்க அண்ணாச்சி, துப்புங்க!" அவள் பதறிப்போய் ஓடிவந்தாள். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை நீட்டினாள்.

நான் அதை வாங்கினேன். வாயைக் கொப்பளித்துத் துப்பினேன்.