விட்டுப்போன லெவல்கள்

கணவனைக் காப்பாற்ற மாட்டேன் என்று சொன்ன மனைவியை நேரில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன ஞாயிறு, அக்குறணையில். மனைவி வேறு யாருமில்லை, என் புவனாதான்.

பதறாதீர்கள். செத்தது நானில்லை… என் ஆள்.

கண்டிக்குப் பக்கத்து ஊரான அக்குறணையில் ரிஸ்வானின் ஹார்ட்வெயார் கடை மாடியில் ஞாயிறு பின்னேரங்களில் ஒரு விளையாட்டு நடக்கிறது. ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்ள வேண்டும். ரிஸ்வான் கதை சொல்வார், தாயக்கட்டை விதியைச் சொல்லும். ஆபத்துகளைத் தாண்டத் தாண்ட நம் ஆளின் லெவல் ஏறும்.

என் ஆள் இடிமுத்து, வாள்வீரன். புவனாவின் ஆள் ஒரு மந்திரக்காரி. ஆரம்பத்தில் அவளுடைய மந்திரம் ஓர் எலியைக் கொல்லத்தான் காணும். அதற்குள் மூச்சு வாங்கிவிடும். இடிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துதான் உயிர் பிழைத்தாள். எனக்கும் அது பிடித்திருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு நான் போகவில்லை. ஒரு வாரம் கலியாணம், ஒரு வாரம் கிரிக்கெட், மற்ற வாரமெல்லாம் சும்மா சோம்பல். புவனா மட்டும் கண்டியிலிருந்து தனியாக பஸ் ஏறிப் போய் வந்தாள்.

போன ஞாயிறு திரும்பிப் போனேன். குகை வாசலில் ஒரு பூதம். இடிமுத்து வழக்கம்போல முன்னால் போய் நின்றான். பூதம் ஒரே ஊதல்தான் ஊதியது. மந்திரக்காரிக்குக் கையில் சின்னக் கீறல். எனக்கு?

ரிஸ்வான் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணே… ஒங்கட ஆள் மவுத்து."

"ஒரே அடியிலயா!"

"நீங்க இன்னும் மூணாம் லெவல்ல ஈக்கிறீங்க. அக்கா எட்டு."

எட்டா? அதிர்ந்து போனேன். என் முதுகுக்குப் பின்னால் நின்றவள் விரலைச் சொடுக்கினாள். வானத்திலிருந்து நெருப்பு விழுந்தது. பூதம் சாம்பல்.

ரிஸ்வானிடம் கெஞ்சினேன். விட்டுப்போன லெவல்களைப் போட்டுத் தந்தால் இடிமுத்து அந்த அடியைத் தாங்கியிருப்பான் அல்லவா? அவனை நான் எவ்வளவு ஆசையாக வளர்த்தேன்!

"மேசையில ஈக்கிற எல்லாரும் சம்மதிச்சா எனக்குப் பிரச்சினை இல்ல" என்றார் ரிஸ்வான்.

எங்களோடு விளையாடும் தயாளன் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷன். "ஓம், குடுங்கோ. பாவம் மனுசன்" என்றார்.

நான் புவனாவைப் பார்த்தேன். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"முடியாது."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சின்னவளைப் பெத்துட்டு ஆபீஸுக்குத் திரும்பிப் போனேன்ல? கூடச் சேர்ந்தவங்க எல்லாம் மேல போயிட்டாங்க. நான் வேலை பழக்கிவிட்ட பிள்ளைதான் இப்ப எனக்கு மேனேஜர். எனக்கு யாராவது விட்டுப்போன லெவலைப் போட்டுக் குடுத்தாங்களா?"

குரலை உயர்த்தவே இல்லை. தயாளன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

எங்கள் சின்னவளுக்கு இப்போது பதினாறு வயது, ஓ.எல். வகுப்பு. இத்தனை வருஷமாக இதை மனதில் வைத்துக்கொண்டா காலையில் ஆபீஸுக்குப் பஸ் ஏறிப் போகிறாள்? ஒரே வீட்டில் இருக்கிறேன்… எனக்குத் தெரியவே தெரியாது. பூதம் ஊதியதைவிட இதுதான் பலமாக அடித்தது.

அது வேறு, இது வேறு என்று வாதாட வாயைத் திறந்தேன். வேறுதான். அவள் போகாதது பிள்ளை பெற. நான் போகாதது கிரிக்கெட் பார்க்க.

எந்த மேசையிலும் நடப்பது இதுதான் போலிருக்கிறது. வந்தவருக்கு லெவல் ஏறும். வராதவர் ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. நாம் முன்னால் நிற்கிற வரைக்கும் அது நியாயமாகவும் தெரியும்.

இடிமுத்துவை அந்தக் குகை வாசலிலேயே புதைத்தோம். புது ஆள் உருவாக்கினேன். முதலாம் லெவல், கையில் ஒரு தடி, அவ்வளவுதான்.

மந்திரக்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு மூட்டை தூக்க ஒரு ஆள் வேணும். வர்றியா தம்பி?"

வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்… லீவு உண்டா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.