பக்கத்து வகுப்பின் வரி

“நிலாவ வெளிய விட்டுட்டு உள்ள வா!”

சண்முகவடிவு டீச்சர் வாசல் பக்கம் கையை நீட்டினால், கவிதையில் நிலாவைப் போட்ட பிள்ளை எழுந்துபோய் வாசலில் கையை உதறிவிட்டுத் திரும்ப வேண்டும். தாமரைக்கும் அதே தண்டனைதான். “தாமரையக் கண்ணால கண்டிருக்கியாடி நீ? கால்ல ஏறி ரத்தம் குடிக்கிற அட்டையக் கண்டிருக்கேல்ல? அத எழுது!”

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் அவர்தான். பிள்ளையின் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, கையில் எதையாவது திணிப்பார். ஒருநாள் அடுப்புக்கரி, ஒருநாள் மழையில் நனைந்த கம்பளித் துண்டு. “பேரச் சொல்லாத. எப்புடி இருக்குன்னு மட்டும் சொல்லு.” கம்பளியைத் தடவிப் பார்த்த மீனம்மா, “நனைஞ்ச நாயக் கட்டிப் புடிச்ச மாதிரி இருக்கு டீச்சர்” என்றாள். டீச்சர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சாயந்தரம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லித் தனியாகச் சிரித்துக்கொண்டு போனார்.

அப்படி ராணி மாதிரி இருந்தவருக்கு லாபிர் மாஸ்டர் வந்து வாய்த்தார். கினிகத்தேனையில் கடை வைத்திருப்பவரின் மகன். எட்டாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லித்தர வந்தவர். பள்ளிக்கூடமோ ஒரே நீளக் கொட்டகை. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு கரும்பலகைதான் சுவர். அவரிடம் துண்டும் கிடையாது, தண்டனையும் கிடையாது. மனிதர் மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, “சரி, அதப் பார்த்தப்ப ஒனக்கு என்ன ஞாபகம் வந்துச்சு?” என்பார். அவ்வளவுதான், பிள்ளைகள் நான் முந்தி நீ முந்தி என்று கத்தும். ஏழாம் வகுப்புக் காதெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.  டீச்சர் குரலை உயர்த்தி அந்தச் சத்தத்தை அமுக்கப் பார்ப்பார்.

இடைவேளையில் அந்த மனிதர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, “ஒங்க பாடத்தக் கேட்டுக் கேட்டுத்தான் டீச்சர் நானும் படிச்சுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டும் போவார். திருடியதும் இல்லாமல் நன்றி வேறு! டீச்சருக்கு அன்றைக்குத் தேத்தண்ணி கசக்கும்.

ஹட்டனில் பிள்ளைகளுக்கான கலைவிழா வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கவிதைதான். மீனம்மாவின் கவிதைதான் போகும் என்று டீச்சர் தீர்மானமாக இருந்தார். அப்போதுதான் கரும்பலகைக்கு அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கிறவளின் மகள், ராக்காயி என்கிற பிள்ளை எழுந்து நின்று வாசித்தது:

“அம்மா நெத்தியில
கூடைக்கயிறு போட்ட பாதை.
ராவெல்லாம் தூங்குறா,
அதுல இன்னும் புல்லு முளைக்கல.”

டீச்சர் கையில் சோக்கட்டி அப்படியே நின்றது. இப்படி ஒரு வரி வராதா, வராதா என்று எத்தனை வருஷமாகத் தவம் கிடந்தார்! கடைசியில் வந்ததுதான் வந்தது, பக்கத்து வகுப்பில் போயா இறங்க வேண்டும்? மத்தியானம் ரொட்டியைப் பொதியோடு வைத்துவிட்டு எழுந்தார்.

தலைமை வாத்தியார் கந்தப்பனிடம் நேராகப் போனார். “நெத்தியில எங்கயாவது புல்லு முளைக்குமாங்க? சபையில சிரிப்பாங்க. நம்ம மீனம்மா கவிதைய அனுப்புங்க.” சொல்வது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது. வாய் நிற்கவில்லை.

“முளைக்கலன்னுதானேம்மா அந்தப் புள்ளையும் சொல்லுது?” என்றார் கந்தப்பன்.

ராக்காயிதான் போனாள்.

ஹட்டன் மண்டபத்தில் டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பிள்ளை தடுமாறட்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைக்காமலும் இல்லை. மேடையில் ராக்காயி கூட்டத்தைப் பார்த்தாள். “அம்மா நெத்தியில…” என்றாள். அடுத்த சொல் வரவில்லை. மறுபடியும் “அம்மா நெத்தியில…” பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடைக்குக் கீழே லாபிர் மாஸ்டர் வெளிறிப்போய், எழுதிய தாளைத் தேடிச் சட்டைப் பையைக் குடைந்துகொண்டிருந்தார்.

நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அந்த வரி அப்படி நடுவழியில் நிற்பதை டீச்சரால் தாங்க முடியவில்லை.

“கூடைக்கயிறு போட்ட பாதை!”

மண்டபமே திரும்பியது. டீச்சர் எழுந்து நின்றிருந்தார். “ராவெல்லாம் தூங்குறா… சொல்லுடி!” ராக்காயி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. லாபிர் மாஸ்டர் நெஞ்சில் கையை வைத்து டீச்சரைப் பார்த்தார்.

“ஒரு புள்ளைய ஒழுங்கா மனப்பாடம் பண்ண வைக்கத் தெரியல, இவரு பெரிய வாத்தியாரு” என்று முனகிக்கொண்டே டீச்சர் உட்கார்ந்தார்.

மீனம்மா அவர் முகத்தையே பார்த்தாள். “டீச்சர், அது நம்ம வகுப்புக் கவிதையே இல்லையே. ஒங்களுக்கு எப்புடி முழுசாத் தெரியும்?”

சண்முகவடிவு டீச்சர் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.