அப்பாசாமிக்கு மூலம் இல்லை

அப்பாசாமி மிளகை அள்ளி உள்ளங்கையில் பரப்பி ஒரு ஊது ஊதுகிறார். பொக்கு பறந்துவிடுகிறது, கனத்தது கையில் நிற்கிறது. அதில் ஒன்றை எடுத்துக் கடைவாயில் கடித்து, கண்ணை மூடி, அந்தக் கொடியின் ஜாதகமே தெரிந்துவிட்டதுபோலத் தலையாட்டுகிறார். மிளகு அவருடையது. மூட்டை கட்டியவரும் அவரே. இருந்தாலும் பேளுக்குறிச்சிச் சந்தையில் வாங்க வருகிற ஒவ்வொருவர் முன்னாலும், தன் சரக்கின்மேல் தனக்கே சந்தேகம் இருப்பதுபோல் ஊதிக் காட்டினால்தான் அவருக்கு வியாபாரம் செய்த மாதிரி இருக்கும்.

ஊதி முடிப்பதற்குள் பக்கத்துக் கடை ராமாயி ஒரு கருணைக்கிழங்கை அவர் பக்கம் உருட்டிவிடுகிறாள்.

"ஏனுங்க, இப்ப எப்படிங்க இருக்குது?"

"பரவால்லீங்க."

"உக்கார முடியுதுங்களா?"

"உக்காந்துதான இருக்கறனுங்க."

"விட்டறாதீங்க. கெழங்க விடாமத் திங்கோணும். எங்க பெரீப்பனுக்கு இதுலதான் கட்டுப்பட்டுது."

அப்பாசாமி பணிவாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார். எதிர்வரிசைப் பூண்டு வியாபாரி தன் பங்குக்குத் துத்திக்கீரையைச் சிபாரிசு செய்கிறார். ஏறக்குறைய ஒரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் இது நடக்கிறது. அப்பாசாமிக்கு மூலம் இல்லை. எந்நாளும் இருந்ததில்லை. கருணைக்கிழங்கு தின்றால் நாக்கு அரிக்கிறது என்பது ஒன்றுதான் இந்த விவகாரத்தில் அவருக்குள்ள உபாதை.

ஊர் கொல்லிமலை மேலே, திருப்புலி நாடு. சவுக்கு மரங்களில் ஏறிய சொந்த மிளகுக்கொடி கொஞ்சம், மரவள்ளிக்காடு கொஞ்சம். அக்கம்பக்கத்துக் காட்டு மிளகையும் வாங்கிச் சேர்த்துக் கீழே கொண்டுபோய் விற்கிறார். அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு: "பாக்காத சரக்க வாங்கறதில்லீங்க." தீப்பெட்டி வாங்கினால்கூடத் திறந்து ஒரு குச்சியை முகர்ந்து பார்ப்பார். மகள் இளமதியைப் பெண் கேட்டுவந்த கார்த்தியின் கையைப் பிடித்து, மரியாதைக்குப் பிடிப்பதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளங்கையில் காய்ப்பு இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மனைவி பாப்பாயியிடம் "பொக்கு இல்ல" என்றார். கார்த்தி போர்வெல் வண்டியில் வேலை செய்கிறவன். காய்ப்புக்குக் குறைவில்லை.

இந்தக் கொள்கை ஒருநாள் தன்னை எங்கே கொண்டுபோய் உட்காரவைக்கும் என்பதை அப்பாசாமி யோசித்துப் பார்த்ததில்லை.

போன வருஷம் இளமதிக்குக் கீழே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தையல் போட்டிருந்தார்கள். கார்த்தி வடக்கே எங்கோ பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்ததால், அப்பாசாமியும் பாப்பாயியும்தான் அவளைச் செங்கோடன் ஜீப்பில் மலைக்கு ஏற்றிவந்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிப் பழகிய மெல்லிய நாப்கினையே இளமதி வைத்திருந்தாள். அது மாதாமாதம் வருவதற்குச் செய்தது. பிள்ளை பெற்றவளுக்குச் செய்ததல்ல. ஜீப் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவளை இந்தப் பக்கம் தள்ளி, அந்தப் பக்கம் தள்ளி, வீட்டு முன்னால் இறக்கியபோது சீட்டில் கறை.

செங்கோடன் கெட்டவன் அல்ல. ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி, ஜீப்பை அங்கேயே நிறுத்திச் சீட்டைக் கழுவினான். கழுவிய தண்ணீர் தெருவில் இறங்கி ஓடியது. தண்ணீர்க்குழாயில் நின்றவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த வாரம் வந்து பார்த்த நர்சம்மா, தையலில் ஓரிடத்தில் நீர் கசிகிறது, திங்கட்கிழமை டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். உள் அறையில் இளமதி அம்மாவிடம் சொன்னது, வெளியே மிளகு புடைத்துக்கொண்டிருந்த அப்பாசாமிக்குக் கேட்டது.

"அந்த ஜீப்புல இனி ஏற மாட்டம்மா."

"அப்ப பஸ்ஸுல போலாம் கண்ணு."

"பஸ்ஸுன்னா இன்னும் நெறயப் பேரு பாப்பாங்க. கசிஞ்சா கசியட்டும். தையல் பிரிஞ்சாலும் பிரியட்டும்."

"நாங்கெல்லாம் சீலயக் கிழிச்சு வெச்சுக்கிட்டுக் களை வெட்டவே போனமே..."

"நீ போனயில்ல? நீயே போயித் தையலக் காட்டிட்டு வா."

அப்பாசாமி முறத்தைக் கீழே வைத்தார். அவரும் மகளும் மழையைப் பற்றிப் பேசுவார்கள், மிளகைப் பற்றிப் பேசுவார்கள், இதைப் பற்றிப் பேசுவதற்கு இருவரிடமும் பேச்சு கிடையாது. அதனால் அவர் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு செம்மேட்டு மருந்துக்கடைக்குப் போனார்.

கடையில் சுமித்ரா என்ற பெண் இருந்தாள்.

"அது வேணுமுங்க," என்றார் அப்பாசாமி.

"எதுங்க பெரீப்பா?"

"பொம்பளைங்க வெக்கறது."

"யாருக்குங்க?"

"ஊட்டுல. கொழந்த பொறந்திருக்குது."

சுமித்ரா அவருடைய நரையை ஒரு கணம் பார்த்தாள். "எம் புள்ளைக்குங்க," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

அவள் ஒரு பாக்கெட்டை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டாள். உள்ளே இருப்பது என்ன என்பதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிற அதே கறுப்புப் பை. அப்பாசாமி பையை வாங்கினார், திறந்தார், தாளை உருவினார், பாக்கெட்டைக் கவுண்டர்மேல் வைத்தார்.

"பிரிச்சுக் காட்டுங்க."

"என்னங்க?"

"பாக்காத சரக்க வாங்கறதில்லீங்க."

இருமல் மருந்துக்கு வந்து நின்ற இரண்டு பேர், இருமலை மறந்து மேலே ஓடாத மின்விசிறியைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். சுமித்ரா பிரித்தாள். அப்பாசாமி ஒன்றை எடுத்துத் தூக்கிப் பார்த்தார், கசக்கிப் பார்த்தார், மூக்கில் வைத்துப் பார்த்தார். முகம் சுளித்தது.

"இதுல எதுக்குங்க ஊதுவத்தி வாசம்? வாசம் ஏத்துன சரக்கு எதையோ மறைக்கற சரக்குங்க."

இதற்குள் சுமித்ராவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பிள்ளை பெற்றவர்களுக்கென்றே இருக்கிற, வாசனை இல்லாத, தடித்த பருத்தி நாப்கினை எடுத்துப் போட்டாள். அதை அப்பாசாமி கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். ஒருநாள் தாடி அதில் மாட்டவில்லை. தலையாட்டினார். அடுத்து, டிராயர் மாதிரியே மாட்டிக்கொள்கிற ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதை விரித்துப் பிடித்தபோது, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மருந்து வாங்காமலே போய்விட்டார்.

"எது ரொம்பத் தாங்கும்?"

"தாங்கறத மட்டும் பாக்காதீங்க பெரீப்பா. தையல் போட்ட எடம், மெத்துனு இருக்கோணும். ஊட்டுல இருக்கறப்ப இந்தப் பருத்தி போதும். வண்டியில போறப்ப டிராயர் மாதிரி இருக்கறது நகராது. தாங்குதேன்னு நாள் பூராவும் வெச்சிருக்கக் கூடாது, மூணு நாலு மணி நேரத்துக்கொருக்கா மாத்தச் சொல்லுங்க. ஒரு மணி நேரத்துலயே நனஞ்சு போச்சுன்னாலோ, பெரிய கட்டியா வந்தாலோ, திங்கக்கெழமைன்னு பாத்துட்டு இருக்காதீங்க. ஒடனே கூட்டிட்டுப் போயிருங்க."

"நகராதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கம்பெனிக்காரங்க சொல்றாங்க."

"கம்பெனிக்காரங்க நம்ம ரோட்டுல வந்திருக்காங்களா?"

இரண்டு ரகத்தையும் வாங்கிக்கொண்டு, வராத கம்பெனிக்குப் பதிலாக அப்பாசாமியே ரோட்டில் இறங்கினார்.

மறுநாள் சனிக்கிழமை, சந்தை நாள். விடிந்ததும் மாட்டுக்கொட்டகையில் அரிசிக் கஞ்சியில் குங்குமத்தைக் கரைத்தார். தண்ணீர் நீர்த்த சரக்கு, அதில் சோதித்தால் சரியான மதிப்புத் தெரியாது என்பது அவர் கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க, முதலில் இளமதி வைத்திருந்த மெல்லிய ரகம். பசையுள்ள பக்கம் எது என்பதில் ஒரு சிறிய அனுபவம் ஏற்பட்டது. அதை அவர் யாரிடமும் விவரிப்பதில்லை. அதே ரகத்தில் இரண்டாவதைச் சரியாக ஒட்டி, ஒரு ஆழாக்குக் கஞ்சியை அதில் ஊற்றி, பட்டாபட்டி டிராயரை ஏற்றி, மேலே சலவை வேட்டியைக் கட்டினார். டிராயர் ரகத்தை மிளகு மூட்டையின் வாயில் செருகிக்கொண்டு செங்கோடன் ஜீப்பில் ஏறினார். இளமதி உட்கார்ந்துவந்த அதே இடத்தில், கீழே ஒரு சாக்கை மட்டும் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாதி வளைவு இறங்குவதற்குள் சரக்கின் யோக்கியதை தெரிந்துவிட்டது. ஒரு வளைவில் முன்னால் போனது. அடுத்த வளைவில் இடுப்பெலும்புப் பக்கம் போனது. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வந்தபோது அது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

பேளுக்குறிச்சியில் மூட்டையை இறக்கிக் குனிந்தார்.

"ஏனுங்க," என்றாள் ராமாயி. "வேட்டியப் பாருங்க. பின்னால."

அப்பாசாமி திரும்பிப் பார்த்தார். தன் முதுகுப்பக்கத்தைத் தானே பார்க்க முயல்கிற மனிதன் நாய் வாலைத் துரத்துவதுபோலச் சுற்றத்தான் முடியும். சுற்றினார். சுற்றியதில் பார்க்காதவர்களும் பார்த்தார்கள். பூண்டுக்காரர் பார்த்தார். டீ கொண்டுவந்தவர் பார்த்தார். செங்கோடன் ஜீப்பிலிருந்து தெருவில் இறங்கி ஓடிய தண்ணீர் அப்பாசாமிக்கு ஞாபகம் வந்தது.

"மூலமுங்களா?" என்றாள் ராமாயி, இரக்கத்தோடு.

சொல்வதற்கு அவரிடம் இரண்டு பதில்கள் இருந்தன. உண்மையைச் சொன்னால் அது மகளிடம் போய் நிற்கும்.

"ஆமாங்க," என்றார். "ரொம்ப நாளாவே."

அன்றைக்குப் பூராவும் துண்டை இடுப்பில் பின்பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டு, முதுகைச் சுவரில் வைத்து நின்றே வியாபாரம் பார்த்தார். குனிந்து எடை போட முடியவில்லை. சில்லறைக்குத் திரும்ப முடியவில்லை. மிளகை ஊதவும் மறந்துபோனார். "நாப்பது வருசமாப் பொக்கு பாத்தவன், அன்னிக்கு நானே பொக்காப் போயிட்டேன்," என்பார் இப்போது. அதற்கிடையில் கட்டணக் கழிப்பறைக்கு எதிரே இருந்த கடையில் கொஞ்சம் கஞ்சி வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போய், டிராயர் ரகத்துக்கு மாறி, கையோடு கொண்டுவந்த மிச்சக் குங்குமத்தைக் கரைத்து ஊற்றிக்கொண்டார். கஞ்சியும் கையுமாகக் கழிப்பறைக்குள் போன ஆளை அந்தக் கடைக்காரர் இன்றும் மறக்கவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் இறங்கிப் பாப்பாயிக்கு முன்னால் திரும்பி நின்றார்.

"பாரு."

"எதைங்க பாக்கறது?"

"வேட்டிய. பழைய கறைய விட்டுட்டுப் புதுசு இருக்குதான்னு பாரு."

பாப்பாயி பார்த்தாள். புதிதாக ஒன்றுமில்லை. விஷயத்தைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, இத்தன வளைவும் இதைப் போட்டுக்கிட்டா ஏறி வந்தீங்க?"

"பின்ன? பாக்காத சரக்க எப்படிப் புள்ளைக்குக் குடுக்கறது?" உள் அறைக்குக் கேட்கிற குரலில் சொன்னார். "ஊட்டுல இருக்கறப்ப அந்தப் பருத்தி. ரோட்டுக்கு இந்த டிராயரு. போயி எறங்குனதும் மாத்திக்கோணுமாம். வாசம் போட்டதத் தூக்கி வீசச் சொல்லு. அப்புறம் பசை இருக்கற பக்கம் கீழ இருக்கோணும், அது எனக்கு நல்லாத் தெரியும்."

உள்ளே ஒரு சிரிப்பு வெடித்தது. வெடித்த வேகத்திலேயே முனகலாக மாறியது.

"அம்மா, தையல் வலிக்குது, அப்பாவப் பேச வேண்டாம்னு சொல்லு."

இப்போதெல்லாம் இந்தக் கதையை இளமதியே சொல்லிச் சிரிக்கிறாள். சந்தைக்கு மட்டும் செய்தி எட்டவில்லை. எட்டாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் அப்பாசாமி கிழங்கு தின்கிறார்.

அந்தத் திங்கட்கிழமை அவள் அப்பா, அம்மாவோடு ஜீப்பில் ஏறினாள். போன தடவை உட்கார்ந்த இடத்தில் அவளே போய் உட்கார்ந்தாள். வழியில் வளைவு வந்தபோதெல்லாம் பாப்பாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றும் அவள் எழவில்லை. செங்கோடன் புரிந்துகொண்டு, டீக்கடையில் தெரிந்தவர் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல இறங்கி நின்றாள். சீட்டைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை; அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அப்பாசாமி குனிந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தார். கையை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஒரு ஊது ஊதினார். பிறகு கறை எதுவும் ஒட்டாத அந்தக் கையை அவள் பக்கமாக விரித்துக் காட்டினார்.