பையைத் திறப்பதற்கு முன்

ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனால் முதல் கால் மணி நேரம் அமிர்தசாமி கருவிப் பையைத் திறக்க மாட்டார். பையை வாசலோரம் வைத்துவிட்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வருவார். தொட்டியின் மூடி உறுதியாக இருக்கிறதா, மாடிப்படி வழுக்குகிறதா, எந்தச் சுவருக்குள் ஒயர் போகிறது, மெயின் சுவிட்ச் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வில்லியனூர் ஹார்டுவேர் கடைகளில் அவர் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். ‘சுத்துற பிளம்பர்’ என்றால் உடனே போன் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெயரில் கொஞ்சம் கிண்டல் இருப்பது அவருக்கும் தெரியும். அதற்காகச் சுற்றுவதை அவர் நிறுத்தியதில்லை.

முன்பெல்லாம் அவர் அப்படி இல்லை. கூப்பிட்ட இடத்துக்கு ஓடிப்போய், வேலையை முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிற ஆள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் திருவாண்டார்கோயிலில் ஒரு குடோன் கூரையில் தண்ணீர் டேங்குக்குக் குழாய் இழுக்கப் போனார். ஏணி, கயிறு, குழாய், பசை எல்லாம் சரியாக எடுத்துப் போனார். கால் வைக்கப்போகும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தாங்குமா என்பதை மட்டும் பார்க்கவில்லை. மூன்றாவது அடியில் ஷீட் உடைந்து, இரும்புச் சாமான்களுக்கு நடுவே விழுந்தார். இடது தொடை எலும்பு முறிந்தது. ஐந்து மாதம் படுக்கை. மனைவி மரிய செலின் காலையில் அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுத் திருபுவனை கம்பெனிக்கு வேலைக்குப் போய் வீட்டை நடத்தினாள். ஒரு நாள்கூட அவள் அவரைக் குறை சொல்லவில்லை. கம்பெனி பஸ் ஹாரன் கேட்டு அவள் ஓடும்போதெல்லாம், ‘ஒரு நிமிஷம் குனிஞ்சி பாத்திருந்தா போதுமே’ என்று படுத்தபடியே அவர் நினைத்துக்கொள்வார். இப்போதும் இடது காலை லேசாகச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

போன வருஷம் ஐப்பசியில் பாகூரிலிருந்து பக்கிரிசாமி கூப்பிட்டார். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் எங்கேயோ குழாய் கசிந்து, பக்கத்து அறை வரைக்கும் சுண்ணாம்பு ஊறிக்கொண்டு வந்தது. வீடு முப்பது வருஷத்துப் பழையது. உள்ளே ஓடுவதெல்லாம் இரும்புக் குழாய்.

அமிர்தசாமி போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பதரை. பக்கிரிசாமி கடைக்குக் கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தார். வந்தவர் பையை வைத்துவிட்டு கொல்லைப்பக்கம் நடப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாபா, ஒழுவற எடம் உள்ள இருக்குது. நீ எங்க போற?”

“இதோ வந்துர்றண்ணே. ஒரு பார்வை பாத்துட்டு வந்துர்றன்.”

கொல்லையில் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். ஓரத்தில் தண்ணீர் மோட்டார். அங்கிருந்து இரும்புக் குழாய் சுவரேறி மாடி டேங்குக்குப் போனது. மெயின் பாக்ஸைத் திறந்து பார்த்தார். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் டிரிப்பர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. இரண்டு ஒயர்களை நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள்.

“இங்க டிரிப்பர் இருந்திருக்கணுமே அண்ணே?”

“அதுவா? தொட்டதுக்கெல்லாம் விழுந்துக்கினே இருந்துச்சி. ரோதனை. நான்தான் எடுக்கச் சொல்லிட்டன்.”

அமிர்தசாமி சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, முதலில் ஒரு பிளக்கில் வைத்து அதன் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. பிறகு குளியலறைக் குழாயில் வைத்தார். எரியவில்லை.

“பாத்தியா? ஒண்ணுமில்ல. ஆரம்பி” என்றார் பக்கிரிசாமி.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எந்த வீட்டிலும் அதைக் கேட்காமல் அவர் குழாயைத் தொடுவதில்லை. சமையலறை வாசலில் நின்ற பக்கிரிசாமியின் மனைவி சிவகாமசுந்தரியிடம் திரும்பினார்.

“தண்ணியில அதிகம் பொழங்கறது நீங்கதான் தங்கச்சி. குழாய்ப் பக்கம் வித்தியாசமா எதுனா தெரியுதா?”

அவள் கணவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “காலையில கொல்லைக் குழாயில பாத்திரம் கழுவறப்ப கையி ஜிவ்வுன்னு இழுக்கும்ணா. நாலு மாசமா இருக்குது. நரம்புத் தளர்ச்சின்னு மாத்திரை சாப்பிடறன்.”

“அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? எனக்கு ஒண்ணும் பண்ணலியே” என்றார் பக்கிரிசாமி.

“நீங்க எட்டு மணிக்கு செருப்போட வந்து பல்லு வெளக்குவீங்க. நான் அதுக்கு முன்னயே வெறுங்கால்ல நிக்கறன். அப்ப மோட்டார் ஓடிக்கினு இருக்கும்.” சற்று நிறுத்திவிட்டு அமிர்தசாமியிடம் சொன்னாள். “மோட்டாரைப் போட்டுப் பாருங்கண்ணா.”

அமிர்தசாமி காய்ந்த மரப்பலகை ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். யாரும் எந்தக் குழாயையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, மோட்டாரைப் போடச் சொன்னார். கொல்லையில் மோட்டார் இரைந்தது. டெஸ்டரைக் கொல்லைக் குழாயில் வைத்தார். உள்ளே இருந்த சின்ன விளக்கு எரிந்தது.

“நிறுத்துங்க! மெயினையே எறக்கிடுங்க!”

வீடு முழுக்க ஃபேன் சத்தம் அடங்கியது. பக்கிரிசாமி சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

திறந்திருந்த கதவு வழியே, குளியலறைத் தரையில் கசிந்த தண்ணீர் தேங்கிக் கிடந்ததை அமிர்தசாமி பார்த்தார். வந்ததும் வேலையை ஆரம்பித்திருந்தால், அவர் அதில் நின்றுகொண்டு இரும்பு ரம்பத்தால் குழாயை அறுக்கும் நேரத்தில், டேங்கில் தண்ணீர் இல்லையென்று யாராவது மோட்டாரைப் போட்டிருப்பார்கள். அமிர்தசாமி பலகையிலேயே உட்கார்ந்துகொண்டார். சிவகாமசுந்தரி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“இன்னிக்கு நான் எதையும் தொட மாட்டன். மொதல்ல எலக்ட்ரீஷியன் வரட்டும்.”

அவர் போன் செய்ததும், அவருக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் நவநீதன் பத்து நிமிஷத்தில் வந்தான். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. மோட்டாருக்குள் ஒயரின் மேல்பூச்சு கருகி, கரண்ட் அதன் இரும்பு உடம்பில் ஏறி, அங்கிருந்து குழாய்க்குப் போயிருந்தது. அதை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டிய எர்த் ஒயர், டைல்ஸ் போட்டபோது அறுந்துபோயிருந்தது.

“டிரிப்பர் சும்மா விழலண்ணே. இதைச் சொல்லத்தான் விழுந்துருக்குது” என்றான் நவநீதன். “அக்கா பொழைச்சது பெரிய விஷயம்.”

பக்கிரிசாமி மனைவியின் பக்கம் திரும்பினார். “ஒரு தபாவாவது நான் வந்து தொட்டுப் பாத்திருக்கணும்” என்றார்.

“நல்லவேளை தொடல” என்றாள் அவள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நான்கு மாதமாக அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. கடைசியில் அவளுக்கே தன் உடம்பின்மேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

மோட்டார் மாற்றி, எர்த் சரிசெய்து, புது டிரிப்பர் வைக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அமிர்தசாமி வந்தார். மறுபடியும் ஒரு சுற்று நடந்தார். இந்த முறை பக்கிரிசாமியும் கூடவே நடந்து, இது இன்னா, அது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். மெயினை இறக்கி, அதன் கதவில் ‘தொடாதே’ என்று எழுதிய அட்டையைக் கட்டிய பிறகுதான் அமிர்தசாமி பையைத் திறந்தார். துருப்பிடித்த துண்டை அறுத்தெடுத்துப் புதுக் குழாய் போட ஒன்றரை மணி நேரம்தான் பிடித்தது.

கிளம்பும்போது சிவகாமசுந்தரி கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காலில் ரப்பர் செருப்பு. இனி தேவையில்லை என்று நவநீதன் சொல்லியிருந்தும் அவள் அதைக் கழற்றவில்லை.

பக்கிரிசாமி வாசல் வரைக்கும் வந்தார். “கடையிலயும் பழைய மோட்டார்தான்பா. ஞாயித்துக்கெழமை வந்து ஒரு சுத்து சுத்திப் பாக்கறியா?”

“ஞாயிறு சர்ச்சுல பூசை இருக்குதுண்ணே. திங்கக்கெழமை காலையில வர்றன்” என்று சொல்லிவிட்டு அமிர்தசாமி வண்டியை எடுத்தார். அடுத்த வேலை மணப்பட்டில், புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு மாடி வீட்டில்.